உப்பில்லாத நாற்பத்தெட்டு நாள்கள்

முதல் அறிகுறியைக் குணம் என்று எடுத்துக்கொண்டோம். தவறு அங்கேதான் தொடங்கியது.

என் தம்பி வேலு பேச்சைக் குறைத்துக்கொண்டான். பிரிக்ஃபீல்ட்ஸ் ரயில்வே குவார்ட்டர்ஸில், காலையில் குழாயடிக்கு வரும் ஒவ்வொருவரையும் பெயர் சொல்லி அழைத்து, "சாப்டாச்சா?" என்று கேட்பது அவன் வழக்கம். தண்ணீருக்கு அவசரமாக வந்தவர்கள் எரிந்து விழுவார்கள். அவனுக்கு அது உறைக்காது. அந்தக் குரல் நின்றுபோனது. வாசற்படியில் உட்கார்ந்து கால்விரல்களைப் பார்த்துக்கொண்டிருந்தான். "தம்பி சாதுவாயிட்டானே" என்று அக்கம்பக்கத்தார் என்னிடம் வந்து சொன்னார்கள். நானும் சிரித்துத் தலையாட்டினேன்.

அவனுக்கு அப்போது வயது இருபத்தாறு. அறிவு வளர்ச்சி வயதோடு கூட வரவில்லை. மூன்று வயதில் கடுங்காய்ச்சல் வந்ததாகவும், அதன் பிறகுதான் வலிப்பும் இந்த மந்தமும் என்றும் அம்மா சொல்வாள். எங்கள் பெற்றோர் இருவரும் காலமான பின், கூட்ஸ் ஷெட்டில் கிளார்க்காக இருந்த என்னிடமே அவன் வளர்ந்தான். நான் மணம் முடித்தபோது கமலம் ஒரு கணவனோடு ஒரு பிள்ளையையும் சேர்த்தே ஏற்றுக்கொண்டாள்.

வேலுவுக்குப் பத்துக்கு மேல் எண்ண வராது. ஆனால் குவார்ட்டர்ஸுக்குப் பின்னால் பால் வியாபாரம் செய்த முனியம்மா அக்காவின் மாடுகளில் எது எப்போது தண்ணீர் குடிக்கும், எது யாரை முட்டும் என்பதெல்லாம் தெரியும். புல் அறுத்து வருவான். மாடுகளோடு ஓயாமல் பேசுவான். வாரத்துக்கு மூன்று நான்கு முறை வலிப்பு வரும். பேசிக்கொண்டிருக்கும்போதே குரல் அறுந்து, விறைத்து விழுவான். முன்பற்களில் இரண்டு அப்படித்தான் போயின.

நாங்கள் காட்டிய முதல் மருத்துவர் புரோமைடு (நரம்புகளின் கிளர்ச்சியை அடக்கும், உப்பைப் போன்றதொரு மருந்து) கலந்த திரவத்தை மூன்று வேளையும் கொடுக்கச் சொன்னார். கசப்பும் கரிப்புமாக இருக்கும் என்று வேலு முகத்தைச் சுளிப்பான். நான் என் கையாலேயே அளந்து புகட்டினேன். இரண்டாம் மாதத்தில் வலிப்பு நின்றது.

எத்தனையோ ஆண்டுகளாக விழுவதையே பார்த்த வீட்டில், விழாத ஒரு மாதம் என்பது என்னவென்று இதைப் படிப்பவர்களில் சிலருக்குத் தெரியும். உங்கள் வீட்டிலும் ஒருவர் இருக்கக்கூடும். கமலம் பாத்திரம் கீழே விழும் சத்தத்துக்கு ஓடிவருவதை நிறுத்தினாள். நான் இடக்கையை மடியில் வைத்துக்கொண்டு சாப்பிடப் பழகினேன். அதற்குமுன் அந்தக் கை எப்போதும் அவன் பக்கம் தயாராக இருக்கும்.

ஒருநாள் முனியம்மா அக்கா என்னை வழிமறித்தார்.

"சுப்பையா, ஒன் தம்பிக்கு என்னப்பா ஆச்சு? மாடு வந்து ஒரசினாலும் பாக்க மாட்டேங்கிறான். புல்லுக்கட்டப் போட்டுட்டு அப்படியே நிக்கிறான்."

"மருந்து சாப்பிடுறான்க்கா. இப்ப வலிப்பே இல்ல. கொஞ்சம் அமைதியாயிட்டான், அவ்வளவுதான்."

"அமைதி மாதிரி தெரியலப்பா" என்றார். நான் வேலைக்குப் போனேன்.

அவன் முகத்திலும் முதுகிலும் சிவந்த பருக்கள் வந்தன. வாய் ஓரத்தில் எச்சில் நின்றது. இருபத்தாறு வயதுக்காரனுக்குப் பரு வராதா என்று நானே எனக்குச் சமாதானம் சொல்லிக்கொண்டேன். வலிப்பு இல்லாத நாள்களுக்கு விலையாக எதையும் கொடுக்கலாம் என்றிருந்தது எனக்கு. அதைக் கொடுப்பது நானல்ல என்பது தோன்றவில்லை.

எட்டு மாதம் வலிப்பில்லாமல் கழிந்தபோது, கிள்ளானில் உள்ள ஓர் அம்மன் கோயிலில் அவனைப் பால்குடம் எடுக்கவைப்பதாக நேர்ந்துகொண்டேன். வேண்டுதல் என்பதைவிட நன்றி என்றே நினைத்தேன். ஒரு மண்டலம், நாற்பத்தெட்டு நாள், உப்பில்லாச் சாப்பாடு. வேலுவோடு சேர்ந்து நானும் இருந்தேன். கமலம் எங்கள் இருவருக்கும் தனிப்பானையில் சமைத்தாள். மருந்தை நிறுத்தவில்லை. மருந்தும் விரதமும் ஒன்றுக்கொன்று துணை என்று நம்பினேன்.

இரண்டாம் வாரத்தில் வேலு தள்ளாடத் தொடங்கினான். நாக்கு தடித்தவன் போலக் குழறினான். விரதக் களைப்பு என்றேன். எனக்கும்தான் களைப்பாக இருந்தது.

மூன்றாம் வாரத்தில் ஒரு மாலை முனியம்மா அக்கா வீட்டுக்கே வந்துவிட்டார். வேலு அவர் பின்னால் தலைகுனிந்து நின்றான்.

"தவிட்டுல போட மாட்டுக்கு உப்பு வெச்சிருந்தேன். அள்ளி அள்ளித் தின்னுக்கிட்டிருக்கான். பட்டினி போட்டீங்களா புள்ளைய?"

எனக்கு அவமானமாகவும் கோபமாகவும் இருந்தது. விரதம் முறிந்துவிட்டதே என்பதுதான் மனத்தில் முதலில் வந்தது. அவன் இரு மணிக்கட்டையும் பிடித்துக் குழாயடிக்கு இழுத்துப் போய் வாய் கொப்பளிக்க வைத்தேன். கன்னத்தில் அறைந்தேன். அவன் அழவில்லை. உதட்டில் ஒட்டியிருந்த உப்பை நாக்கால் எடுத்துக்கொண்டான். நான் மறுபடி அறைந்தேன்.

அதற்குப் பிறகு அடுப்படியில் இருந்த உப்பு ஜாடியைப் பெட்டிக்குள் வைத்துப் பூட்டினேன். மறுநாள் காலை அந்த ஜாடி இருந்த இடத்தில், பலகையின் மேல், ஈரமாக விரல் தடங்கள் இருந்தன. கமலம் என்னைப் பார்த்தாள். துணியால் துடைத்தாள்.

நான் எழுத வேண்டியதிலேயே கடினமான பகுதி இதுதான். உங்கள் வீட்டில் பேசத் தெரியாத ஒருவர் எதையாவது விடாமல் நாடினால், அடிப்பதற்குமுன் அது ஏன் என்று கேளுங்கள். அவனுடைய உடம்புக்கு என்ன வேண்டும் என்று அவனுக்குத் தெரிந்திருந்தது. அந்த வீட்டில் அது தெரிந்தவன் அவன் ஒருவன்தான்.

நான்காம் வாரம் அவன் சுவரோடு பேசினான். மாடுகளோடு அவன் பேசுவது போல என்றே முதலில் நினைத்தோம். பிறகு கவனித்தால், கதவுக்குப் பின்னால் யாரோ நிற்பதாக நினைத்து, அவர்களுக்கு வழிவிட்டு ஒதுங்கி நடந்தான். சாப்பிடும்போது பக்கத்தில் ஓர் இடம் விட்டான்.

"யாருடா அங்க?" என்று கேட்டேன்.

"ஈரத்துணியோட நிக்கிறாங்க" என்றான். அவர்கள் யார் என்று அவனுக்கும் தெரியவில்லை.

அதைவிட மோசமானது ஒன்று வந்தது. நான் வேலை முடிந்து வந்து சட்டையைக் கழற்றி ஆணியில் மாட்டினேன். வேலு என் சட்டையையும் என்னையும் மாறி மாறிப் பார்த்தான்.

"எங்கண்ணன் எங்க?"

"நான்தான்டா அண்ணன்."

"நீ இல்ல. நீ எங்கண்ணன் சட்டையப் போட்டுக்கிட்டு வர்ற." பிறகு கமலத்திடம் திரும்பி, மிகத் தாழ்ந்த குரலில், "அண்ணி, இந்தாள உள்ள விடாதீங்க" என்றான்.

அன்று முதல் என் கையால் மருந்து குடிக்க மறுத்தான். நான் அவனைத் தரையில் கிடத்தி, மார்பின்மேல் முழங்காலை வைத்துப் புகட்டினேன். வலிப்பு திரும்பிவிடக் கூடாது என்ற பயம் எனக்கு.

நாற்பத்தெட்டாம் நாள் ரயிலில் கிள்ளானுக்குப் போனோம். காலை வெயில் ஏறும் நேரம். மஞ்சள் வேட்டி கட்டி, தலையில் பால்குடம் வைத்து, இரு பக்கமும் நானும் கமலமும் பிடித்துக்கொண்டோம். மேளச் சத்தம் நெருங்கியதும் அவன் உடம்பு நடுங்கியது. குடத்தைத் தூக்கி எறிந்தான். பால் கல்தரையில் ஓடியது. "எங்கண்ணனக் கொன்னுட்டான், எங்கண்ணனக் கொன்னுட்டான்" என்று என்னைக் காட்டி அலறினான்.

கூட்டம் விலகி வட்டமாக நின்றது. ஏதோ ஏறியிருக்கிறது என்றார்கள். ஒருவர் வேப்பிலைக் கொத்தால் அவன் முகத்திலும் தோளிலும் அடித்தார். "கையப் புடிங்க" என்றார். நான் பிடித்தேன். பருக்கள் உடைந்து முதுகில் ரத்தம் வந்தது. அவன் என்னைத்தான் பார்த்துக்கொண்டிருந்தான். தெரிந்தவனைப் பார்க்கும் பார்வையல்ல அது.

"போதும், விடுங்க அவர!" என்று கத்தியவள் கமலம். பொது இடத்தில் அவள் குரல் உயர்ந்து நான் அதுவரை கேட்டதில்லை.

மறுநாள் பிரிக்ஃபீல்ட்ஸில் புதிதாக வந்திருந்த ஒரு டாக்டரிடம் கொண்டுபோனோம். சென்னையில் படித்தவர்; இளவயது. வேலுவின் நாக்கை நீட்டச் செய்து பார்த்தார். பருக்களைப் பார்த்தார். மருந்துப் புட்டியை வாங்கி முகர்ந்தார். நான் பேய், கண்ணேறு என்று ஏதேதோ சொல்லிக்கொண்டிருந்தேன். அவர் காதில் வாங்கவில்லை.

"சாப்பாடு எப்படிக் குடுக்குறீங்க?"

"விரதங்க" என்றேன்.

"என்ன விரதம்?"

கமலம்தான் சொன்னாள். "ஒண்ணரை மாசமா உப்பில்லாச் சாப்பாடு டாக்டர். இவரு ஒளிஞ்சு ஒளிஞ்சு உப்பத் தேடுனாரு. நாங்க குடுக்கல."

டாக்டர் பேனாவைக் கீழே வைத்தார்.

"உப்பும் இந்த மருந்தும் உடம்புக்குள்ள ஒரே எடத்துக்குப் போட்டி போடுற பொருளுங்க. நாம தின்னுற உப்புதான் மருந்தக் கொஞ்சம் கொஞ்சமா வெளிய தள்ளும். உப்பு நின்னா மருந்து போகாது. சேந்துக்கிட்டே இருக்கும். நீங்க குடுத்த ஒவ்வொரு வேளை மருந்தும் இவன் உள்ளேயேதான் இருக்கு."

"அப்ப பேய்?"

"பேயெல்லாம் இல்ல. புரோமைடு நஞ்சு." (உடலில் புரோமைடு மிகுந்து மூளையைக் கலக்கும் நிலை.) "இவனுக்கு வாயிருந்தும் சொல்லத் தெரியல. நல்ல புத்தியுள்ளவன்னா முதல் மாசமே தலை சுத்துது, கண்ணு மங்குதுன்னு சொல்லியிருப்பான். இவன மாதிரி ஆளுங்க விஷயத்துல, மருந்து பண்றத எல்லாம் அவங்க கொணம்னு நெனச்சுடுவாங்க."

சிகிச்சை மருந்தை நிறுத்துவதும் உப்பு கொடுப்பதும்தான். கஞ்சியில் உப்பு; தண்ணீரில் உப்பு; நாள் முழுக்க நிறையத் தண்ணீர். கமலம் முதல் நாள் உப்புக்கஞ்சியைக் கொண்டுவந்து வைத்தபோது நான் அறையில் இருந்தேன். வேலு என் முகத்தைப் பார்த்துவிட்டுக் கையைப் பின்னுக்கு இழுத்துக்கொண்டான். நான் வெளியே போய் நின்ற பிறகுதான் குடித்தான். குடிக்கும் சத்தம் வாசல்வரை கேட்டது.

மூன்று வாரத்தில் பழைய வேலு திரும்பி வந்தான். சுவரோரம் நின்றவர்கள் ஒவ்வொருவராகப் போனார்கள். ஒருநாள் காலை குழாயடியிலிருந்து "சாப்டாச்சா?" என்ற குரல் கேட்டது. நான் சவரம் செய்துகொண்டிருந்தேன். கத்தியைக் கீழே வைக்க வேண்டியதாயிற்று.

அன்று மாலை என்னை "அண்ணே" என்று அழைத்தான். அந்த நாள்கள் அவனுக்கு நினைவிருக்கின்றனவா என்று நான் கேட்கவில்லை. கேட்கும் துணிவு இன்றும் இல்லை. ஆனால் இப்போதும் அவன் வேட்டி முனையில் ஒரு சிறு முடிச்சு இருக்கும். கமலம் துவைக்கும்போது அவிழ்த்துப் பார்ப்பாள். உள்ளே ஒரு சிட்டிகை உப்பு ஈரமாகக் கரைந்திருக்கும். அவள் புதிதாக ஒரு சிட்டிகை வைத்து முடிந்து கொடுத்துவிடுவாள். நான் பார்க்காதது போல இருப்பேன்.

அப்போது, புரோமைடு உடம்பை விட்டுப் போனதும் வலிப்பு திரும்பி வந்தது. ஒரே நாளில் ஐந்து. டாக்டர் வேறொன்று கொடுத்தார்: பினோபார்பிட்டோன் (தூக்கம் தரும் மருந்துகளின் வகையைச் சேர்ந்த வெள்ளை மாத்திரை). இதற்கு உப்போடு பகையில்லை என்றார். வலிப்பு மறுபடி நின்றது.

பத்து நாள் கழித்து வேலு உட்கார மறந்தான். அறைக்கும் வாசலுக்குமாக நடந்தான். தன் கையைத் தானே கடித்தான். கூப்பிட்டால் அடித்தான். முன்பு யார் திட்டினாலும் உறைக்காதவன், சோறு ஒரு பருக்கை குறைந்தாலும் தட்டை எறிந்தான். ஒரு பகலில் கமலம் கஞ்சி வடித்துக்கொண்டிருந்தபோது பின்னாலிருந்து தள்ளிவிட்டான். கொதிக்கும் கஞ்சி அவள் பாதத்தில் கொட்டியது.

குவார்ட்டர்ஸில் பேச்சு எழுந்தது. ரயில்வேயில் ஆள் குறைப்பு நடந்துகொண்டிருந்த காலம். வீட்டைப் பற்றிப் புகார் போனால் என்ன ஆகும் என்ற பயம் எனக்கு. வடக்கே ஈப்போ பக்கம் இருக்கும் மனநோய் மருத்துவமனைக்கு அனுப்பிவிடு என்று கூட்ஸ் ஷெட்டில் நல்லெண்ணத்தோடுதான் சொன்னார்கள். வீட்டுக்கு வந்து கமலத்திடம் அதைச் சொன்னேன். காலில் கட்டோடு சுவரில் சாய்ந்து உட்கார்ந்திருந்தாள்.

"போன தடவையும் பேய்னு சொன்னீங்க. அப்புறம் என்ன ஆச்சு? மருந்துன்னாரு டாக்டர். இப்பக் கிறுக்குங்கிறீங்க. மொதல்ல போயி டாக்டரக் கேட்டுட்டு வாங்க. அப்புறம் அனுப்புறதப் பத்திப் பேசலாம்."

"ஒன் கால வெந்துபோக வெச்சுட்டான் கமலம்."

"அவரு வெக்கல. அவரு அப்படி வெக்கிற ஆளில்ல. உங்களுக்குத் தெரியாதா?"

தெரியும். ஆனால் எனக்கு அதை ஒருவர் சொல்ல வேண்டியிருந்தது.

மூவருமாக டாக்டரிடம் போனபோது கையில் ஒரு தாள் கொண்டுபோனேன். சரக்கு வண்டிகளின் வரவை எழுதுவதுபோல, மாத்திரை கொடுத்த நேரம், நடக்கத் தொடங்கிய நேரம், அடித்த நேரம் எல்லாம் ஒரு வாரத்துக்கு எழுதியிருந்தேன். அவர் அதை இருமுறை படித்தார்.

"பெரும்பாலானவங்களுக்கு இது தூக்கத்தக் குடுக்கும். சிலருக்கு நேர்மாறா ஆகும். மூளை வளர்ச்சி கொறஞ்சவங்ககிட்ட அத நான் கூடுதலாப் பாத்திருக்கேன்." தாளை மடித்தார். "ஒங்ககிட்ட மறைக்க மாட்டேன். முழு அளவு குடுத்தா வலிப்பு வராது, ஆளு இப்படித்தான் இருப்பான். பாதியாக் கொறச்சா ஆளு கெடைப்பான். மாசத்துக்கு ஒண்ணு ரெண்டு வலிப்பு வரும். அதுல ஒண்ணுல உயிர் போனாலும் போகலாம்."

"நீங்களே சொல்லுங்க டாக்டர்."

"நான் ஒங்க வீட்டுல இருக்கப் போறதில்ல."

கமலம் குறுக்கிட்டாள். "அவரையே கேப்பமே."

எனக்கு அது தோன்றவே இல்லை. இருபத்தாறு ஆண்டுகளில் அவனுடைய உடம்பைப் பற்றி யாரும் அவனைக் கேட்டதில்லை. வேலு அறையின் மூலையில் முன்னும் பின்னுமாக நடந்துகொண்டிருந்தான்.

"வேலு, வெள்ள மாத்திர சாப்பிட்டா எப்படிடா இருக்கு?"

நிற்காமலே சொன்னான். "உள்ள யாரோ ஓடுறாங்கண்ணே. நிக்கச் சொல்றேன். நிக்க மாட்டேங்கிறாங்க."

"வலிப்பு வந்தா?"

யோசித்தான். "அப்ப நான் இல்ல. அப்புறம் வந்துடுறேன்."

அளவைப் பாதியாக்கினோம். கொஞ்சம் கொஞ்சமாகத்தான்; இந்த மருந்தைச் சட்டென நிறுத்தினால் வலிப்பு விடாமல் அடுக்கடுக்காக வந்து ஆளையே கொண்டுபோய்விடும் என்று டாக்டர் எச்சரித்திருந்தார். இதைப் படிப்பவர்களும் மருத்துவரைக் கேட்காமல் எதையும் குறைக்கவோ கூட்டவோ வேண்டாம். நான் என் இஷ்டத்துக்கு உப்பை நிறுத்தியதன் கதையைத்தான் இவ்வளவு நேரம் சொன்னேன்.

இரண்டு மாதத்தில் நடை நின்றது. கமலத்தின் பாதத் தழும்பை ஒருநாள் கண்டுபிடித்தவன் போலப் பார்த்து, "யாரு சுட்டது அண்ணி?" என்று கேட்டான். "கஞ்சி" என்றாள் அவள். அவன் கஞ்சிப் பானையை இரண்டு நாள் முறைத்துக்கொண்டு திரிந்தான்.

இதெல்லாம் நடந்து ஐந்து ஆண்டுகள் ஆகின்றன. வேலுவுக்கு முப்பத்தொன்று. டாக்டர் சொன்னபடியே மாதம் ஒன்றோ இரண்டோ வலிப்பு வருகிறது. முன்பு அவன் விழும்போது விதியை நொந்துகொள்வேன். இப்போது அப்படி முடிவதில்லை. இந்த வலிப்புகள் நான் சம்மதித்து வரவிட்டவை. ஒவ்வொன்றின்போதும், இதுதானா டாக்டர் சொன்ன அந்த ஒன்று என்று குனிந்து மூச்சைக் கேட்கிறேன். கோயில் தரையில் என்னைப் பார்த்த அந்தக் கண்கள், அவன் கண்கள் மேலே செருகும்போதெல்லாம் எனக்குத் தெரிகின்றன. அவன் அப்போது சொன்னது முழுப் பொய்யென்று என்னால் நினைக்க முடியவில்லை. அந்த நாற்பத்தெட்டு நாளில் என் சட்டையைப் போட்டுக்கொண்டு அந்த வீட்டுக்குள் வந்துபோனவன் யார் என்று எனக்கே தெரியாது.

சென்ற வாரம் ஒருநாள் காலை, வேலைக்குப் புறப்பட்டவன் முனியம்மா அக்காவின் குரல் கேட்டுத் தொழுவத்துக்கு ஓடினேன். வேலு சேற்றில் கிடந்தான். பக்கவாட்டில் திருப்பி, தலையைக் கையில் தாங்கிக்கொண்டேன். மாடுகள் தூரமாக நின்று பார்த்தன. ரயில் ஒன்று போயிற்று. எந்த ரயில் என்று பார்த்தால் நேரம் தெரியும். பார்க்கவில்லை. உலுக்கல் தளர்ந்தது. ஒரு மூச்சு வந்தது. அடுத்தது வருவதற்குள் எனக்குள் என்னென்னவோ நடந்து முடிந்தன. பிறகு அடுத்ததும் வந்தது.

வெகுநேரம் தூங்கினான். கண் விழித்து, சேறு அப்பிய என் சட்டையைப் பார்த்தான்.

"நீ வேலைக்குப் போகலையாண்ணே?"

"போறேன்டா."

என் கையை விலக்கிவிட்டு எழுந்து, கிடந்த புல்லை அள்ளப் போனான். நான் சட்டை மாற்றிக்கொண்டு கூட்ஸ் ஷெட்டுக்குப் போய், தாமதத்துக்குக் காரணம் எழுதிக் கையெழுத்திட்டேன். பேனாவைப் பிடித்த உள்ளங்கையில் அவன் தலையின் கனம் அப்படியே இருந்தது. நண்பகல் சங்கு ஊதிய பிறகும் இருந்தது.